பிஸ்திஸ் என்னும் கிரேக்கச் சொல்

கி.மு. 191ஆம் ஆண்டில் நிகழ்ந்ததொரு செய்தியைப் பொலிபியஸ் என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதிவைத்துள்ளார். சிரியப் பேரரசனாகிய மூன்றாம் அந்தியோக்கஸ் தெர்மோபிலைக் கணவாயில் ரோமர்க்குத் தோற்று ஆசியா மீண்டான். அவனைக் கிரேக்க நாட்டிற்கு அழைத்த ஏட்டோலியர் தனித்து விடப்பட்டனர். ஹெராக்ளியா நகரும் வீழ்ந்தபின், இனிப் பொருதல் இயலாதெனக் கண்ட அவர், ரோமருடைய ‘பிஸ்திஸ்’ என்பதனிடம் தம்மை ஒப்படைப்பதெனத் துணிந்தனர். தூது சென்ற பைனியாஸ் அதனைச் சொல்லிமுடித்த அளவிலே, ரோமக் கான்சல் மானியஸ் அசிலியஸ் கிளாப்ரியோ, இன்னின்னாரைப் பிடித்துத் தருக என ஆணையிடத் தொடங்கினான். பைனியாஸ் இடைமறித்து, நீ கேட்பது நீதியுமன்று, கிரேக்கர் வழக்கமுமன்று என்றான். கிளாப்ரியோ வெகுண்டு, சங்கிலிகளையும் ஒவ்வொருவர் கழுத்துக்கும் இரும்பு வளையத்தையும் கொணருமாறு பணித்தான். அடைக்கலம் வேண்டிச் சென்ற தூதர், தாம் அடிமைச்சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டதனை அப்பொழுதுதான் உணர்ந்தனர்.

ரோமர் மொழியில் ஒருவன் தன்னைப் பிறரது பிஸ்திஸிடம் ஒப்படைத்தலும், வென்றவன் விருப்பத்திற்கே தன்னை முற்றும் விட்டுவிடுதலும் ஒன்றே என்பது ஏட்டோலியர்க்குத் தெரியாது போயிற்று என்கின்றார் பொலிபியஸ். பிணையாளருள் ஒருவராகக் கி.மு. 167இல் ரோம் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இருமொழியாரிடையேயும் வாழ்ந்தவர் அவர். அவர் கூற்றை எளிதில் ஒதுக்குதல் ஆகாது. ஆயின், ஏட்டோலியர் அச்சொல்லுக்கு என்ன பொருள் கொண்டனர்? பிஸ்திஸ் என்பதனை ‘நம்பிக்கை’ என்றும் ‘விசுவாசம்’ என்றும் ஒருசொல்லால் பெயர்த்துச் செல்லும் வழக்கம் நம்மிடை உண்டு. அப்பெயர்ப்பினைக் கொண்டு மேற்கூறிய நிகழ்ச்சியை விளக்கப் புகின் ஒன்றும் விளங்காது. ரோமருடைய நம்பிக்கையினிடம் ஒருவன் தன்னை ஒப்படைப்பது எவ்வாறு? ஆதலின் இச்சொல்லின் பொருளை அதன் ஆட்சியிடங்களிலிருந்தே ஆராய்தல் வேண்டும்.

சொல்லின் பிறப்பு ஐயத்திற்கு இடனற்றது. ‘பெய்தோ’ என்பது ஒருவனை இணங்குவித்தலைக் குறிக்கும் வினை. அதன் மறுவடிவமாகிய ‘பெய்தொமய்’ என்பது இணங்குதல், தேறுதல், பணிதல் என்னும் பொருள்களை உடையது. இவ்வினையின் ‘பித்’ என்னும் அடியோடு ‘திஸ்’ என்னும் தொழிற்பெயர் ஈறு புணர, இரு பல்லொலிகளும் திரிந்து ‘பிஸ்திஸ்’ ஆயிற்று. இலத்தீனில் ‘ஃபிதெஸ்’ என வழங்குவதும், உடன்படிக்கையைக் குறிக்கும் ‘ஃபொய்துஸ்’ என்பதும் இதே தொல்வேரின் கிளைகளே.

இவ்விடத்துத் தமிழ்ச் சொல்லொன்று நமக்குத் துணையாகின்றது. தேறு என்பது தன்வினை. தேற்று என்பது அதன் பிறவினை. ஒருவன் தேற்ற ஒருவன் தேறுகின்றான். இரண்டிற்கும் பொதுவாய் நிற்பது தேற்றம். திருவள்ளுவர் வினைக்குரியாரை நம்பி ஏற்றலைத் தேறல் என்றும் தெளிதல் என்றுமே வழங்கி, தெரிந்து தெளிதல் என அதிகாரமும் வகுத்தார். தொல்காப்பியரோ ஏகார இடைச்சொல்லின் பொருள்களுள் உறுதிப்பாட்டினைக் குறிப்பதனைத் தேற்றம் என்றார். ஆளை நம்புதலும் பொருளைத் துணிதலும் ஒரே சொற்குடும்பத்துள் அடங்கியமை காண்க. கிரேக்கச் சொல்லின் அமைதியும் இதுவே. நம்பு என்பது இத்துணைப் பொருந்தாது. உரியியலில் அது நசை என்னும் பொருட்டாகவே ஓதப்பட்டது. விசுவாசம் என்னும் வடசொல்லோ மூச்சுவிடுதலைக் குறிக்கும் வேரினின்று, அச்சமின்றி இளைப்பாறுதல் என்னும் கருத்தடியாகப் பிறந்தது. வேர்ப்பொருளே சொற்பொருளாகாது என்பதனை யாமும் அறிவோம். எனினும் தேறு, தேற்று என்னும் இணையை உளங்கொண்டு மேற்செல்லுதல் பல முடிச்சுகளை அவிழ்க்கும்.

ஹோமர் காப்பியங்களில் பிஸ்திஸ் என்னும் பெயர்ச்சொல் இல்லை. ‘பிஸ்தொஸ்’ என்னும் அடைச்சொல்லே உண்டு. அது நம்பத்தக்க தோழனுக்கு அடையாகும். அதனினும் சிறப்பாக, ஆணைச் சடங்கிற்கு அடையாகும். இலியத்தின் மூன்றாம் பகுதியில் கிரேக்கரும் திராயரும் ஆட்டுக்குட்டிகளைப் பலியிட்டு, மதுவை நிலத்தில் வார்த்துச் செய்துகொள்ளும் உடன்படிக்கை அவ்வடைமொழி பெற்றது. நான்காம் பகுதியிலேயே பாண்டரஸ் எய்த அம்பு ஒன்றினால் அது முறிகின்றது. முறியக்கூடியதொன்றைப் பற்றியே இச்சொல் முதன்முதல் பேசப்படுகின்றது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

ஹெசியாட் வேளாண் வாழ்வைப் பாடிய நூலில், உடன்பிறந்தானோடு செய்யும் ஒப்பந்தத்திற்கும் சிரித்துக்கொண்டே ஒரு சாட்சியை நிறுத்துக என அறிவுறுத்துகின்றார். நம்புதலும் நம்பாமையும் ஒருங்கே மக்களைக் கெடுத்துள்ளன என்பது அவர் கண்ட உண்மை. தந்தை விட்டுச்சென்ற நிலத்தின் பங்கீட்டில் தம்பி பெர்செஸுடன் வழக்காடியவர் அவர். சிரிப்பும் சாட்சியும் ஒருங்கே வேண்டுமெனப் பட்டறிவு சொல்லியிருக்கும். தியோக்னிஸ் என்னும் மெகாராப் புலவர், பிஸ்திஸ் என்னும் பெருந்தெய்வம் உலகை நீத்து விண்ணேகிவிட்டதென இரங்குவர். உட்பூசல் மிக்க நகரத்தில் வாழ்ந்த அவருக்கு, நம்பத்தக்க ஒருவன் பொன்னோடும் வெள்ளியோடும் ஒப்ப நிறுக்கத் தக்கவன்.

ஐந்தாம் நூற்றாண்டிற்கு வரும்போது சொல்லின் நடுப்பொருள் தெளிவாகப் புலப்படுகின்றது. யூரிபிடீஸ் கி.மு. 431இல் அரங்கேற்றிய ‘மெதேயா’ நாடகம் இதற்குச் சிறந்த சான்று. தன்னைக் கைவிட்டு அரசன் மகளை மணக்கும் யாசோனை நோக்கி மெதேயா முறையிடுவது, அன்பு மாறினான் என்பதன்று. அவன் செய்த சூளினையும், வலக்கை கொடுத்துச் செய்த பிஸ்திஸையும் எடுத்தோதியே அவள் தெய்வங்களைச் சான்றழைக்கின்றாள். சூளுறவின் பிஸ்திஸ் ஒழிந்தது என்கின்றாள். ஈண்டு பிஸ்திஸ் என்பது யாசோன் நெஞ்சத்து உணர்வன்று. மெதேயா நெஞ்சத்து உணர்வுமன்று. கையும் கையும் கூடிய இடத்தில் தோன்றி, இருவரையும் பிணித்து நின்றதொன்று. கையடித்துக் கொடுத்தல் என நம் நாட்டார் கூறுவதனோடு இதனை ஒப்புநோக்கலாம்.

இந்நாடகத்தின் இடையே வரும் மற்றொரு காட்சி இன்னும் நுட்பமானது. ஏதென்ஸ் மன்னன் ஈகியஸ் மெதேயாவுக்குத் தன் நாட்டில் புகலிடம் தர இசைகின்றான். அவளோ அதற்கு ஒரு பிஸ்திஸ் வேண்டும் என்கின்றாள். மன்னன் வியந்து, நீ என்னைத் தேறவில்லையோ என வினவுகின்றான். அவன் ஆளும் வினை பெய்தோ என்பதன் இறந்தகால வடிவமாகிய ‘பெபொய்தா’ என்பதே. மெதேயா அதே வினையால் விடைதருகின்றாள்: தேறினேன், ஆயினும் எனக்குப் பகைவர் பலர், வெறுஞ்சொல்லளவில் நின்றால் அவர் தூதுக்கு நீ இணங்கிவிடக் கூடும். பின்னர் மன்னன் நிலத்தையும் ஞாயிற்றையும் தெய்வங்கள் அனைத்தையும் சுட்டிச் சூளுறுகின்றான். தேறியவளே பிஸ்திஸ் கேட்கின்றாள் எனின், பிஸ்திஸ் என்பது தேறிய மனநிலை அன்றென்பது சொல்லாமே போதரும். அது தேறுதற்கு ஆதாரமாக ஒருவன் கையிற் கொடுக்கப்படுவது. அகராதிகள் நம்பிக்கையை முதற்பொருளாகவும் பிணையுறுதியை வழிப்பொருளாகவும் நிரல்படுத்தும் முறை எமக்கு உடன்பாடன்று; இக்காட்சி ஒன்றே அதனை மறுக்கப் போதும்.

சோபோகிளீஸின் நாடகங்களில் இதன் மறுபக்கம் உண்டு. கி.மு. 409இல் அரங்கேறிய ‘பிலோக்டெட்டீஸ்’ நாடகத்தில், புண்ணால் வருந்தும் பிலோக்டெட்டீஸ் இளைஞனாகிய நியோப்டாலெமஸைச் சூளால் பிணிக்க விரும்பாது, கையின் பிஸ்திஸை மட்டும் வேண்டுகின்றான். இளைஞன் கை கொடுக்கின்றான். கொடுக்கும் அந்நேரத்தில் அவன் அம்முதியவனை வஞ்சிக்க வந்தவனே என்பது அவையோர்க்குத் தெரியும். நாடகத்தின் பிற்பகுதி முழுதும் அக்கை செய்த வேலை என்றே கூறலாம். வஞ்சித்துப் பெற்ற வில்லை இளைஞன் ஈற்றில் திருப்பித் தருகின்றான். ‘கொலோனஸில் ஈடிபஸ்’ நாடகத்திலோ, சூள் இன்றியே என் சொல்லை ஏற்கலாம் எனத் தீசியஸ் நிமிர்ந்து நிற்கின்றான். சிறந்தோர்க்குச் சூள் வேண்டா. சொல்லே அமையும் என்பது சோபோகிளீஸின் துணிபு போலும்.

பிஸ்திஸ் கொடுக்கவும் வாங்கவும் படுவதாதலின் அதற்குச் சடங்குகள் பல இருந்தன. அரேபியர் பிஸ்திஸைப் போற்றும் முறையை ஹெரோடோட்டஸ் விரித்துரைக்கின்றார்: நடுவில் நிற்பானொருவன் இருவர் உள்ளங்கையையும் கட்டைவிரல் அருகே கூரிய கல்லாற் கீறி, அவர் ஆடையின் இழைகொண்டு குருதியை எடுத்து, இடையே வைத்த ஏழு கற்களில் பூசுவான். செனபோன் கூறும் மக்ரோனியர் தம் வேலொன்றைக் கிரேக்கர்க்குக் கொடுத்து, கிரேக்கர் வேலொன்றைத் தாம் பெற்றனர். மொழி வேறாயினும் வேல் மாறியது போதுமானதாயிற்று. ஆனால் அதே செனபோன், சூளுறவு செய்த பாரசீகத் தலைவன் திசாபெர்னீஸ் கி.மு. 401இல் கிரேக்கப் படைத்தலைவர் ஐவரை அழைத்துப் பிடித்த கொடுமையையும் எழுதியுள்ளார்.

தனியொருவன் அன்றி நகரமே நிலைகுலையும்போது என்னாகும்? கி.மு. 427இல் கோர்சிரா நகரில் மூண்ட உள்நாட்டுப் போரைத் துசிடிடீஸ் ஆராயும் பகுதியில் இதற்கு விடை உண்டு. ஒரே கட்சியினர் தம்முள் செய்துகொண்ட பிஸ்திஸ்கள் தெய்வநெறியால் வலிவு பெறவில்லை. கூட்டாகச் செய்த குற்றத்தால் வலிவு பெற்றன என்கின்றார். பிணைப்பு அழியவில்லை, அதன் அடித்தளமே மாறிற்று என அவர் கண்டது வியத்தற்குரியது.

இனி, வணிகத்துறைக்கு வருவோம். ஏதென்ஸின் காசுக்கடைக்காரர் பலர் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர். பாசியோன் அத்தகையோன், அவனுக்கு அடிமையாயிருந்து பின்னர் அவன் கடையை நடத்தியவன் போர்மியோன். பாசியோன் மகன் தொடுத்த வழக்கில் போர்மியோனுக்காகக் கி.மு. 350ஐ ஒட்டி டெமாஸ்தனீஸ் இயற்றிய உரையில், பொருளீட்டும் தொழிலில் எல்லாவற்றினும் பெரிய முதல் பிஸ்திஸே என்னும் கருத்து வருகின்றது. குலமும் நிலமும் இல்லாத ஒருவன் எதனால் செல்வனானான் என்னும் வினாவுக்கு வழக்கறிஞர் தந்த விடை அது. இங்கே பிஸ்திஸ் என்பது போர்மியோன் பிறரை நம்பியது அன்று. பிறர் அவனை நம்புதற்கு ஏதுவாக அவன்பால் இருந்தது. நம் வணிகர் இதனை நாணயம் என்பர். காசுக்கும் நேர்மைக்கும் ஒருசொல் வழங்கும் நம் மொழி, டெமாஸ்தனீஸ் சொல்லவந்ததை அவரினும் சுருங்கச் சொல்லிவிடுகின்றது. காசுக்கடைக் கொடுக்கல்வாங்கல் சாட்சியின்றியே நடந்ததென ஐசாக்ரட்டீஸின் உரையொன்றால் அறிகின்றோம். அவ்வுரை, வைத்த பொருளை இல்லையென மறுத்தான் எனப் பாசியோன் மேலேயே சாட்டிய வழக்கிற்கு உரியது என்பது ஒரு வேடிக்கை.

இதுகாறும் கண்ட பொருள்களோடு முற்றும் மாறுபட்டதாகத் தோன்றுவது அரிஸ்டாட்டிலின் ஆட்சி. ‘சொல்வன்மை’ பற்றிய நூலில் அவர் பிஸ்திஸ் என்பதனைச் சான்று, ஏது என்னும் பொருளில் வழங்கி, கலையால் அமையாதன, கலையால் அமைவன என இருவகைப்படுத்துவர். சட்டம், சாட்சி, ஒப்பந்தம், வதைத்துப் பெறும் வாக்குமூலம், சூள் என்னும் ஐந்தும் முன்வகை. பேசுவோன் தன்மை, கேட்போர் உணர்ச்சிநிலை, உரையின் வாதம் என்னும் மூன்றும் பின்வகை. மொழிபெயர்ப்பாளர் இவ்விடத்து வேறுசொல் பெய்து சென்றுவிடுவர். மாணாக்கரும் இருவேறு சொற்கள் எனவே கொள்வர். ஆனால் மெதேயா வேண்டிய பிஸ்திஸும் அரிஸ்டாட்டில் வகுத்த பிஸ்திஸும் ஒன்றே என்பது எம் கருத்து. இரண்டும் ஒருவன் தேறுதற்பொருட்டு அவன்முன் வைக்கப்படுவன. சூளும் ஒப்பந்தமும் அரிஸ்டாட்டில் பட்டியலிலேயே இடம்பெற்றிருத்தல் இதனை வலியுறுத்தும். மேலும், பேசுவோன் தன்மையே ஏறத்தாழ எல்லாவற்றினும் வலிய பிஸ்திஸ் என அவர் கூறுவது, போர்மியோனின் நாணயத்தை அவைக்களத்திற்குக் கொண்டுவந்ததாகும்.

மெய்யியலார் சிலர் இச்சொல்லைத் தாழ்த்தினர். பிளேட்டோவின் ‘கோர்கியாஸ்’ உரையாடலில் சாக்ரட்டீஸ், பிஸ்திஸில் மெய்யும் உண்டு பொய்யும் உண்டு, அறிவில் பொய் இல்லை எனப் பிரித்துக் காட்டுவர். ‘குடியரசு’ ஆறாம் பகுதியில் அறிவுநிலைகளை ஒரு கோட்டில் நான்காகப் பகுக்குமிடத்து, கீழிருந்து இரண்டாம் படி பிஸ்திஸுக்கு உரியது. கண்ணாற் காணும் விலங்கு, மரம், செய்பொருள் ஆகியவற்றைப் பற்றிய துணிபு அது. இங்குதான் சொல் இருவரிடையே நிற்றலை விட்டு ஒருவன் உள்ளத்துள் புகுகின்றது. பிற்கால ஐரோப்பியர் பலர் பிளேட்டோவின் இவ்வாட்சியையே கிரேக்கரின் பொதுவழக்கு எனக் கொண்டமை பெரும்பிழைக்கு வித்தாயிற்று.

இனி ஏட்டோலியர்பால் மீள்வோம். வலியோன் தன் வலியைச் சொல்லால் கட்டிக்கொள்கின்றான். அக்கட்டினுள் மெலியோன் தங்குகின்றான் என்பதே அவர் கொண்ட பொருள். அவர் கேட்டது இருபாலும் பிணிப்பதொன்று. தென்னித்தாலியிலிருந்த லோக்ரி என்னும் கிரேக்க நகரம் கி.மு. 275 அளவில் அடித்த வெள்ளி நாணயத்தில், பிஸ்திஸ் என்னும் தெய்வமகள் ரோமாவுக்கு முடிசூட்டும் உருவம் பொறிக்கப்பட்டுள்ளது. ரோமருடைய வாய்மையைக் கிரேக்கர் இச்சொல்லால் புகழ்ந்து பழகியிருந்தனர் என்பதற்கு அது சான்று. க்ரூயன் என்னும் அமெரிக்க அறிஞர் 1982இல் வெளியிட்ட கட்டுரையில், பிஸ்திஸுக்கும் ஃபிதெஸுக்கும் பொலிபியஸ் காட்டுமளவு வேறுபாடு இல்லை. கடுமை கிளாப்ரியோவினது, சொல்லினதன்று என வாதித்தார். அவர் வாதத்தில் உண்மை உண்டு. ரோமப் படையதிகாரிகளே கிளாப்ரியோவைத் தடுத்தனர் எனப் பொலிபியஸும் கூறுகின்றார். எனினும், ஒப்படைத்தவனுக்கு உரிமை யாதும் எஞ்சுவதில்லை; காப்பதும் அழிப்பதும் ஏற்றவன் நன்னெறியைப் பொறுத்தன என்னும் ரோமர் கருத்தில், கொடுத்துவாங்கும் சமநிலை இல்லை. ஏட்டோலியர் சினந்தெழுந்தனர், போர் கி.மு. 189 வரை நீண்டது.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டு முதலாக அலெக்சாந்திரியாவில் எபிரேய மறையைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், ‘எமூனா’ என்னும் சொற்குடும்பத்தைப் பிஸ்திஸ் என்பதன் குடும்பத்தால் பெரும்பாலும் பெயர்த்தனர். எமூனாவின் அடிப்பொருள் தளராமை. மோசேயின் உயர்த்திய கைகள் பொழுது சாயுமளவும் அசையாது நின்றமைக்கும் எபிரேயத்தில் இச்சொல்லே. ஆமென் என்பதும் இவ்வேரினதே. மார்ட்டின் பூபர் 1950இல் எழுதிய நூலில், எமூனா ஒருவரைச் சார்ந்து நிற்றல், பிஸ்திஸ் ஒன்றனை உண்மையென ஏற்றல் என இரண்டையும் எதிரெதிர் நிறுத்தினார். மெதேயாவையும் போர்மியோனையும் கண்ட நாம் இதனை ஒப்புதல் அரிது. பிஸ்திஸ் உறவைச் சுட்டும் சொல் என்பதனைத் தெரெசா மார்கன் 2015இல் விரிந்த நூலொன்றால் நிலைநாட்டியுள்ளார்.

பவுல் எழுதிய மடல்களில் இச்சொல் எழுப்பும் வழக்கு, இலக்கணம் பயின்ற தமிழர்க்கு உவப்பாகும். ‘பிஸ்திஸ் கிறிஸ்து’ என்னும் தொடரில் பின்மொழி ஆறாம் வேற்றுமை ஏற்று நிற்கின்றது. கிறித்துவின்மேல் மக்கள் வைக்கும் நம்பிக்கையா, கிறித்து தாம் காட்டிய வாய்மையா? செயப்படுபொருளா, வினைமுதலா? ரிச்சர்டு ஹேஸ் 1983இல் பின்னதனை வலியுறுத்தினார். ஜேம்ஸ் டன் முன்னதனைக் காத்தார். வழக்கு இன்றும் முடிந்தபாடில்லை. அபக்கூக்கு நூலின் இரண்டாம் இயலில் எபிரேயம் ‘அவனது எமூனா’ என்ன, கிரேக்கப் பெயர்ப்பு ‘எனது பிஸ்திஸ்’ என இறைவன்மேல் ஏற்றிற்று. பவுலோ யாருடையது என்பதனையே விட்டுவிட்டார். கொடுப்போனுக்கும் பெறுவோனுக்கும் பொதுவான சொல்லாதலின் விட்டது குறையாகத் தோன்றவில்லை போலும்.

1871இல் பவர் முதலானோர் திருத்தி முடித்த தமிழ் விவிலியத்தில், உரோமையர் மடலின் மூன்றாம் இயலில் மூன்றாம் வசனத்துப் பிஸ்திஸ் ‘உண்மை’ என்றும், இருபத்திரண்டாம் வசனத்துப் பிஸ்திஸ் ‘விசுவாசம்’ என்றும் பெயர்க்கப்பட்டன. முன்னது இறைவனுடையது, பின்னது மக்களுடையது எனக் கொண்டமையின் இப்பெயர்ப்பு எழுந்தது. 1995இல் வந்த திருவிவிலியம் விசுவாசத்தை விடுத்து நம்பிக்கையைக் கொண்டது. எதுவாயினும், பவுல் ஓரியலுள் ஒருசொல்லையே திரும்பத் திரும்ப ஆண்டு வாதத்தைக் கட்டினார் என்பது தமிழ் வழியே படிப்போர்க்குத் தெரிய வழியில்லை. தேற்றம் என்னும் சொல்லை இவ்விடங்களில் பெய்து பார்த்தோம். இறைவன் தரும் தேற்றம், மக்கள் கொள்ளும் தேற்றம் என இருபாலும் அது செல்கின்றது. அரிஸ்டாட்டிலின் எட்டுவகைக்கும் ஓரளவு இசைகின்றது. போர்மியோனின் காசுக்கடையில் மட்டும் அது செல்லவில்லை. அங்கே நாணயம் என்றே எழுதினோம்.